ஆறு நிமிடமும் இருபது நாற்காலிகளும்

அவைக்குத் தலைமையேற்று, அகன்ற நாற்காலியில் அமைதியே உருவாக அமர்ந்திருக்கும் மருத்துவமனை நலச் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, வாட்சைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக வருந்திக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர் அவர்களே! மார்பு நோய்ப் பிரிவின் மதிப்புக்குரிய பெரிய டாக்டர் அவர்களே! முன்வரிசையை முழுவதுமாக நிறைத்திருக்கும் நன்கொடையாளர்களே! வெயிலையும் வேலையையும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, கடைசி வரிசையில், கதவோரமாக, காற்று வரும் இடம் பார்த்து அமர்ந்திருக்கும் என் பன்னிரண்டு மாணவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஏன் சிரிக்கிறீர்கள்? மாணவர்கள் என்றுதான் சொன்னேன். மூத்த மாணவருக்கு எழுபத்தெட்டு வயது, இளைய மாணவிக்கு ஐம்பத்திரண்டு. நாள்பட்ட நுரையீரல் நோயோடு நாளும் மல்லுக்கு நிற்கிற அவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில். பதினான்கு ஆண்டுகளாக இந்த மருத்துவமனையில் அதைத்தான் செய்கிறேன்.

இன்று இருபது சக்கர நாற்காலிகள் வழங்கும் விழா. வாங்கிக்கொண்டு வாயார நன்றி சொல்ல என்னை அழைத்திருக்கிறீர்கள். நிகழ்ச்சி நிரலில் எனக்கு எதிரே ஆறு நிமிடம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஆகா! ஆயிரம் அலுவலுக்கு நடுவே யாருக்குத் தோன்றியதோ, அளந்து எடுத்த அளவு! ஏனென்றால் என் மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே ‘ஆறு நிமிஷம்’ என்பதுதான்.

ஏன் அந்தப் பெயர்? எங்கள் தாழ்வாரத்தில் முப்பது மீட்டரை அளந்து, இந்த முனையில் ஒரு கூம்பு, அந்த முனையில் ஒரு கூம்பு வைத்திருக்கிறேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் அதற்கு இடையே ஆறு நிமிடம் நடக்கச் சொல்வேன். எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். நிற்கலாம், சுவரில் சாயலாம், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நடக்கலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. மூச்சு போதாத மனிதருக்கு ஆறு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ஆகவே தலைவர் அவர்களே, என் ஆறு நிமிடம் கொஞ்சம் நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நன்றி. நடக்கவே இயலாத ஒருவருக்குச் சக்கர நாற்காலி கால். அது சாலை, அது சந்தை, அது உலகம். அதைக் கொடுத்த கைகளை நான் வணங்குகிறேன். இதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த இருபது நாற்காலிகளும் பத்து நாள்களுக்கு முன்பே வந்துவிட்டன. வந்தவற்றை எங்கே வைத்தீர்கள்? கிடங்கில் வைத்தீர்களா? கிடையாது. வண்டி நிறுத்துமிடத்தில் வைத்தீர்களா? வைக்கவில்லை. நோயாளிகள் நடை பழகுகிற ஒரே ஓர் அறை, என் பயிற்சி அறை, அதில் கொண்டுபோய் அடைத்துவிட்டுக் கதவைப் பூட்டினீர்கள்! நடக்கச் சொல்லித்தரும் அறையில் உட்காரும் சாமான்! கேட்டால், “தற்காலிகமாத்தான் மேடம்” என்றார்கள். இந்த அலுவலகத்தில் தற்காலிகம் என்ற சொல்லைப்போல நிரந்தரமான சொல் வேறொன்றை நான் கண்டதில்லை. நேற்று மாலை போய்ப் பார்க்கிறேன், கதவுக்கு மேலே ‘சக்கர நாற்காலிக் காப்பறை’ என்று பெயர்ப்பலகையே மாட்டியாகிவிட்டது. பெயிண்ட் கூடக் காய்ந்துவிட்டது.

இதோ, ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. ‘சுருக்கமாகப் பேசவும்.’ நன்றி, படித்துவிட்டேன். பையில் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

அப்படி அந்த அறையில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு சைக்கிள்கள், ஓடாத சைக்கிள்கள். அதில் ஒன்றுக்கு மிதிகட்டை கிறீச்சிடும். இரண்டு படி வைத்த ஒரு மரப்பெட்டி. மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள். எழுந்து உட்காரப் பழக நாலு கட்டை நாற்காலிகள். சுவரில் பூஜ்யத்திலிருந்து பத்துவரை பெரிதாக எழுதியிருக்கும். மூச்சுத் திணறல் எத்தனை என்று நான் கேட்டால் அவர்கள் விரலால் காட்டுவார்கள். நாலு, ஐந்து என்றால் நடக்கலாம். எட்டு என்றால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் கருவூலம்! இதைப் பார்த்துத்தானே காலியாகக் கிடக்கிறது என்று நினைத்தீர்கள்?

அங்கே என்ன நடக்கிறது என்பதை ஒருவர் கதையாகச் சொல்கிறேன். அவர் அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். மெத்தைக்காரர். நாற்பது ஆண்டுகள் பஞ்சு அடித்து மெத்தை தைத்தவர். இந்த அவையில் பலர் நேற்று அவர் தைத்த மெத்தையில்தான் புரண்டு படுத்திருப்பீர்கள். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறக்கும் என்று ஜன்னலை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தார். வெளியே பறக்காத பஞ்சு எங்கே போகும்? உள்ளே போனது. அதற்குத் துணையாக நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள் ஐயா, விட்டுவிட்டீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மூச்சு வாங்குகிறது என்று நடையைக் குறைத்தார். நடை குறைந்ததால் கால் இளைத்தது. கால் இளைத்ததால் நாலு எட்டுக்கே மூச்சு வாங்கியது. நாலு எட்டுக்கே மூச்சு வாங்கியதால் நடையையே நிறுத்தினார். ஊருக்கெல்லாம் மெத்தை தைத்தவர் தன் மெத்தையை விட்டு எழுந்திருக்கவில்லை. இது நோய் மட்டும் செய்த வேலையா? இல்லை, தாய்மார்களே, இல்லை. பாதி வேலையை நோய் செய்தது, மீதி வேலையைப் பாசம் செய்தது!

அவருக்கு ஒரு மகள். தையல்காரர். வீட்டுக் கூடத்தில் தையல் மிஷின், மிஷினுக்குப் பக்கத்தில் அப்பாவின் கட்டில். அவர் காலைக் கீழே வைத்தால் போதும், மிஷின் நின்றுவிடும். “எங்கப்பா போறீங்க? என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்.” தண்ணீர் கைக்கு வரும், பேப்பர் கைக்கு வரும், குளியல்கூட வாளியும் ஈரத்துண்டுமாகக் கட்டிலுக்கே வரும். குளியலறை பதினாறு எட்டுத் தொலைவில்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அவர் அந்தப் பதினாறு எட்டை நடக்கவில்லை.

பெரிய டாக்டர் பரிசோதித்து, மருந்தைச் சீர்செய்து, “இவருக்குப் பயிற்சி கொடுங்க” என்று என்னிடம் அனுப்பினார். முதல் நாள் ஆறு நிமிட நடை. மகள் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே நடந்தார்! விழுந்துவிட்டால் பிடித்துக்கொள்ளுமாம். நாற்காலியின் நுனி முழங்காலுக்குப் பின்னே தட்டுகிறது, மனிதர் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறார். எழுகிறார், நடக்கிறார், தட்டுகிறது, உட்கார்கிறார்! ஆறு நிமிடத்தில் மூன்று முறை. தூரம், நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு யார் பின்னாலாவது அலைந்துகொண்டிருப்பார்.

மகளைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பிவிட்டு அவரிடம் கேட்டேன். “எதுக்காக ஐயா நடக்கணும்? என்ன செய்யணும்னு ஆசை?” அவர் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். “நானே நடந்து போயி, கதவத் தாழ் போட்டுக்கிட்டு, குளிக்கணும் டீச்சர். எம் பொண்ணு நல்லவதான், தங்கமானவ. ஆனா ரெண்டு வருஷமா எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு இல்ல.”

கேட்டீர்களா? கோட்டை கேட்கவில்லை, கொடி கேட்கவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் கேட்டார்! நாற்பது ஆண்டு உழைத்த மனிதர், இருமி இருமி இளைத்த மனிதர், இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றைத் தன் கையால் போடவேண்டும் என்று கேட்டார். அதற்காகத்தான் அந்த அறை. இனி காலியாகக் கிடந்தது என்று சொல்வீர்களா?

பயிற்சி தொடங்கியது. நுரையீரல் மறுபடி முளைக்காது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கால் கேட்கும். பயின்ற கால் குறைந்த மூச்சில் கூடுதல் வேலை செய்யும். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடக் கற்றால் பயம் குறையும். வாரம் மூன்று நாள் என் அறையில், மற்ற நாள்களில் வீட்டில். அதற்கு ஒரு நோட்டு: காலை நடை, எழுந்து உட்காருதல், மாலை நடை, செய்தால் டிக் போடவேண்டும். முதல் வாரம் எல்லாம் டிக். இரண்டாம் வாரம் எல்லாம் டிக். மூன்றாம் வாரமும் அப்படியே! ஆகா, இப்படி ஒரு மாணவரா என்று பூரித்துப்போனேன். பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்கினேன், பதினைந்தை இருபதாக்கினேன், ஒரு படியை இரண்டு படியாக்கினேன்.

நாலாம் வாரம் ஒரு திங்கட்கிழமை. அவர் இரண்டாவது படியில் ஏறினார், அப்படியே பெட்டிமேல் சரிந்தார். உதடு கறுத்துவிட்டது. ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவி, தொண்ணூறுக்கு மேல் காட்டவேண்டியது, எண்பத்தொன்று என்று காட்டியது. என் பதினான்கு ஆண்டும் அந்த நிமிடத்தில் என் கையைவிட்டுப் போனது. பெரிய டாக்டர் ஓடிவந்தார், ஆக்சிஜன் வைத்தார். அரைமணி நேரம் கழித்துத்தான் மெத்தைக்காரர் கண்ணைத் திறந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

நோட்டைப் புரட்டினேன். அப்போது மணி காலை பத்தரை. அன்றைய மாலை நடைக்கு டிக் போட்டிருந்தது!

வராத மாலைக்கு வந்துவிட்ட டிக்! மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தேம்பித் தேம்பி அழுதார். “நீங்க திட்டுவீங்கன்னு நான்தான் போட்டேன் டீச்சர். அப்பா எந்திரிச்சாலே மூச்சு வாங்குது. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. படுங்கப்பான்னு படுக்க வச்சுட்டேன். நோட்டு காலியா இருந்தா கிளாஸ விட்டு நிறுத்திருவீங்களோன்னு பயம்.” வீட்டில் ஒருநாள்கூட நடக்காத மனிதருக்கு, இருபது நிமிடம் நடப்பதாக நம்பி, நான் படிமேல் படி ஏற்றியிருக்கிறேன்.

அந்தப் பெண்மேல் கோபப்பட வாயைத் திறந்தேன். கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது. ஏன் தெரியுமா? நோட்டை யார் கையில் கொடுத்தேன்? மகள் கையில். “அப்பா நடந்தாரா?” என்று யாரிடம் கேட்டேன்? மகளிடம். மூன்று வாரமும் அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தாழ்ப்பாள் வேண்டும் என்று கேட்ட மனிதரை, நானும் சேர்ந்துதான் திறந்தவீடாக வைத்திருந்தேன். இதை மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொல்கிறேன்.

பெரிய டாக்டர் மறுபடி சரி என்று சொன்ன பிறகு, முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை நோட்டு அவர் கையில். பென்சிலை மெத்தை தைக்கும் நூலால் நோட்டோடு கட்டிக்கொண்டார். மகளுக்கும் ஒரு பயிற்சி கொடுத்தேன், எல்லாவற்றிலும் கடினமான பயிற்சி: அப்பா நடக்கும்போது இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் அவர் நடந்தது நாலு நிமிடம். மகளுக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. “அவளுக்கு எத்தனைன்னு கேளுங்க டீச்சர், பத்து இருக்கும்” என்றார் மெத்தைக்காரர்.

ஏழாம் வாரம் ஒரு வியாழக்கிழமை காலை. மகளிடமிருந்து போன். “டீச்சர், அப்பா குளிக்கப் போயிட்டாரு. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு, சத்தம் கேட்டுச்சு. மிஷின நிறுத்திட்டு உக்காந்திருக்கேன். பத்தொன்பது நிமிஷம் ஆச்சு.” “உள்ள என்னம்மா சத்தம்?” என்று கேட்டேன். “பாடுறாரு டீச்சர்!” என்றார். பாடுவதற்கு மூச்சு இருந்தால் பயமில்லை, போனை வை என்றேன். வைத்துவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். கைதட்ட இன்னும் நேரம் வரவில்லை. அந்த வியாழக்கிழமைக்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, உங்கள் நாற்காலிகள் வந்து இறங்கின. அறை பூட்டப்பட்டது. பத்து நாள் பயிற்சி இல்லை. வகுப்பையே தாழ்வாரத்தில் நடத்தலாம் என்று போனால், ஒருவர் ஆறு நிமிடம் நடந்தால் சரி, பன்னிரண்டு பேருக்கு இடமில்லை, கட்டில்கள் தள்ளுகிற வழி என்று விரட்டினார்கள். அதுவும் நியாயம்தான். முற்றத்தில் வெயில், வாசலில் வண்டிப் புகை. பன்னிரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினேன். வீடு என்றால் என்ன? மறுபடி கட்டில், மறுபடி “நீங்க உக்காருங்க”. நேற்று மெத்தைக்காரர் என்னிடம் சொன்னார்: “குளியலறைக்குப் போற வழியில நேத்து பாதியில நின்னுட்டேன் டீச்சர். சுவரப் புடிச்சுக்கிட்டுதான் போனேன். அடுத்த வாரம் போவேனான்னு தெரியல.”

அவையோரே! வாரக்கணக்கில் வளர்த்த காலை நாள்கணக்கில் இழக்கலாம். இரண்டு ஆண்டு காத்து வாங்கிய தாழ்ப்பாளை, இடமில்லை என்ற ஒரு சொல்லால் பறிக்கலாமா? மருந்து தீர்ந்தால் ஓடுகிறீர்கள், மின்சாரம் நின்றால் ஓடுகிறீர்கள். நடை நின்றால் மட்டும் யாரும் பதறவில்லையே, ஏன்? மூச்சு முட்டும் மனிதன் சத்தம்போட்டுக் கேட்கமாட்டான் என்பதாலா? அவனுக்குச் சத்தம் போட மூச்சில்லை, ஐயா! அதனால்தான் நான் போடுகிறேன்!

இரண்டாவது சீட்டு. ‘முதல் பயனாளி வரும் நேரம்.’ நல்லது. யார் அந்த முதல் பயனாளி என்று எனக்கும் காலையில்தான் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன், இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்த காலத்தில் எழுதிய பட்டியலாம். முதலில் இருப்பது நம் மெத்தைக்காரர்! பட்டியல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, மனிதர் எழுந்துவிட்டார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து மேடைவரை தள்ளிவந்து படம் எடுக்கத் திட்டம். நாற்காலி ஏறப் பலகையால் சரிவுகூடப் போட்டிருக்கிறீர்கள்.

அங்கே, கடைசி வரிசையில் என்ன சலசலப்பு? நாற்காலி கொண்டுபோன தொண்டர்களே, அவரை விடுங்கள். உட்காரமாட்டேன் என்கிறாரா? அப்படியானால் உட்காரவேண்டாம். ஐயா, என்ன செய்யப்போகிறீர்கள்?

அவையோரே, திரும்பிப் பாருங்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கைப்பிடியைப் பிடித்துவிட்டார். காலி நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு வருகிறார்! வழி விடுங்கள், கையைப் பிடிக்காதீர்கள். மூன்றாம் வரிசையில் எழுந்து நிற்கும் மகளே, உட்காரும்மா. கை எங்கே? தொடைக்குக் கீழே. அப்படித்தான்.

நின்றுவிட்டார். பயப்படாதீர்கள், மூச்சு வாங்குகிறார். உதட்டைக் குவியுங்கள் ஐயா. அவசரமில்லை, என் ஆறு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது, மீதியெல்லாம் உங்களுடையது. ம்... மறுபடி கிளம்பிவிட்டார். சரிவு வந்துவிட்டது. இங்கேதான் கடினம். சாய்ந்து தள்ளுங்கள். ஒன்று. இரண்டு. இன்னும் ஒன்று.

வந்துவிட்டார்.

எத்தனை ஐயா? விரலைக் காட்டுங்கள். ஐந்து! ஐந்து என்றால் நடக்கலாம்.

ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அவர் சொன்னபடியே சொல்கிறேன். “நாற்காலி நல்லாருக்கு. நடக்க முடியாதவங்க யாருக்காவது குடுங்க. அந்த ரூம்ல இன்னும் பத்தொன்பது இருக்கு. நாங்க இங்க பன்னெண்டு பேரு இருக்கோம். ஆளுக்கு ஒண்ணு தள்ளிட்டு வந்தா, மிச்சம் ஏழுதான். பெரியவங்க ஆளுக்கு ஒரு கை குடுத்தா மத்தியானத்துக்குள்ள ரூம் காலி.”

இப்போது தட்டுங்கள். இப்போது தட்டலாம்.

தலைவர் எழுந்துவிட்டார். கண்காணிப்பாளர் சட்டைப்பையைத் தடவுகிறார். வாட்சைத் தேடவில்லை என்று நம்புகிறேன். ஆம், சாவி! நன்றி ஐயா, என் கையில் வேண்டாம். போனமுறை நோட்டை யார் கையில் கொடுத்துத் தவறினேன் என்று இப்போதுதானே சொன்னேன். அவர் கையில் கொடுங்கள்.

என் பேச்சு முடிந்தது. பொறுமையோடு கேட்ட அவைக்கும், பொறுமையிழந்தும் கேட்ட மேடைக்கும், நாற்காலி தந்த நல்ல மனங்களுக்கும், கைகளை அடக்கி உட்கார்ந்திருந்த அந்த மகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். என் மாணவர்களே, எழுந்திருங்கள். மெதுவாக, உதட்டைக் குவித்து, அவர் பின்னால் வரிசையாக. வகுப்பு தொடங்குகிறது. வணக்கம்!